மூன்று நாள் பழைய அடி

என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துத்தான் அவர் என்னோடு முதன்முதலில் பேசினார்.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சா சார்? பத்து நாள் இருக்குமே."

நகத்தடியில் உறைந்த கறுப்பு மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. அன்று மாலை ஸ்ரீரங்கம் திரும்பியதும் டயரியைப் புரட்டினேன். பஸ் கதவில் விரல் நசுங்கி அன்றோடு பதினோரு நாள். மறுநாள் அதைச் சொன்னபோது அவருக்கு உண்மையாகவே வருத்தம். "நகம் எனக்குப் பழக்கமில்ல சார். சதையா இருந்தா தப்பாது" என்றார்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுகாதாரப் பிரிவில் எழுத்தராக இருந்த என்னைத் திருச்சி மாட்டுத்தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கறிக்காக மாடு அறுக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் மாட்டுத்தொட்டி என்று பெயர். அங்கே பதிவேடு எழுதுவது என் வேலை. அறுத்ததைச் சோதித்து, நல்ல கறிதான் என்று நீல மையில் முத்திரை குத்துவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் முத்திரை பாய். அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அதற்கான தெம்பு எனக்கு இல்லை. வாசலில் மேசையைப் போட்டுக்கொண்டு, உள்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். முந்தின சாயங்காலம் வந்து பட்டியில் நிற்கும் மாடுகள் என் கண்ணுக்கு எதிரே இருக்கும். விடிந்ததும் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து உள்ளே போகும். சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து பாயின் குரல் வரும்.

"பதினேழாம் வில்லை. வலது தோள். அடி. ஒரு நாள்."

பட்டியில் மாட்டின் கழுத்தில் கட்டிய தகர வில்லையின் எண் அது. எண்ணுக்கு எதிரே, 'ஓட்டி வந்தவர்' என்ற கட்டத்தில் பெயர் ஏற்கெனவே இருக்கும். தோலை உரித்தபின் சதையில் அடிபட்ட இடம் கன்றிக் கிடக்குமாம். இன்றைய அடி ரத்தச் சிவப்பு, நேற்றையது கருஞ்சிவப்பு, மூன்றாம் நாள் ஆகிவிட்டால் இரும்புத் துருவின் நிறம், அதற்கும் மேல் மஞ்சள். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நின்று நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. நிறத்திலிருந்து நாள், நாளிலிருந்து ஊர் என்று கணக்கை நகர்த்துவார். "இது நொச்சியத்துல விழுந்தது. இது கொள்ளிடம் பாலத்து மேல. பாலத்துல மாடு மிரளும். ஓட்டுறவனும் மிரளுவான். குச்சி பேசும்."

நாள் குறித்து வைப்பதே வாழ்க்கை என்றிருந்த எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. வீட்டில் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி காதைப் பொத்திக்கொள்வாள். "அந்தக் கதையெல்லாம் காவேரிப் பாலத்துக்கு அந்தண்டையே விட்டுட்டு வாங்கோ. சட்டையையும் கொல்லையிலே போடுங்கோ." நான் சட்டையை மட்டும் கொல்லையில் போட்டேன். மிச்சத்தை டயரியில் எழுதினேன்.

அவருடைய கண் சில சமயம் பயமுறுத்தவும் செய்யும். தொட்டிக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரரின் மனைவி கிளாஸ் கழுவுவாள். ஒருநாள் அவள் டீயை நீட்டியபோது புடவைத் தலைப்பு விலகி முழங்கைக்கு மேலே கன்றிய இடம் தெரிந்தது. பாய் கிளாஸை வாங்கவில்லை. கடைக்காரரின் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "செவ்வாக்கிழமை" என்றார். அவ்வளவுதான். கடைக்காரர் பாய்லரின் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். வெந்நீர் வழிந்து தரையில் ஓடியது. அன்று சனிக்கிழமை. அதன் பிறகு பாய் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பார்வையால் அவளுக்கு என்ன நல்லது நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கம். உயிரோடு நிற்கும் மாட்டின் முகத்தை அவர் பார்க்க மாட்டார். பட்டிக்குள் வந்தால் தோள், விலா, தொடை, கால் என்று கை போகும். கண்ணும் கையோடேயே போகும். கழுத்துக்கு மேலே ஏறாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்துட்டா மறுநாள் முத்திரையத் தூக்கக் கை வராது சார். அல்லா எனக்குப் பாதி மாட்டத்தான் எழுதி வெச்சிருக்கான்."

அந்த வருஷம் ஆவணியில், மாடு வளர்த்துக் கறிக்கு விற்பவர்களுக்கும் ஓட்டி வருபவர்களுக்கும் மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஏற்பாடாயிற்று. திங்கள், செவ்வாய், புதன். மெட்ராஸிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்தார். நல்ல மனிதர். சுவரில் மாட்டுப் படத்தைத் தொங்கவிட்டு அரைமணி பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மணப்பாறைத் தரகர் ஒருவர் குறட்டைவிட ஆரம்பித்ததும் சிரித்துவிட்டு, "பாய், நீங்க வாங்க" என்றார். அதோடு படத்தைச் சுருட்டிவிட்டார்கள்.

பாய் முதலில் எல்லோருடைய குச்சிகளையும் வாங்கி வாசலில், என் மேசைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். பிறகு அந்தத் தரகரை எழுப்பி, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து லேசாக முறுக்கினார்.

"ஆ! பாய்! விடுங்க!"

"எந்திரிச்சு நடங்க, விட்டுடறேன். படுத்த மாட்ட எழுப்ப நீங்க வாலை இப்படித்தானே முறுக்குறீங்க?"

கூட்டம் சிரித்தது. தரகருக்கு ரோஷம். "நாளைக்குச் சாகப்போற மாட்டுக்கு இன்னிக்கு என்ன பாய் மாப்பிள்ளை உபசாரம்?"

"இன்னிக்கு அது உசிரோடதானே இருக்கு? இன்னிக்குக் கணக்க இன்னிக்குப் பாப்பம்" என்றார் பாய்.

மூன்று நாளும் கையால்தான் பாடம். மாட்டின் கண்ணில் மிளகாய் தேய்த்து ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களை ஆளுக்கொரு மிளகாயை விரலில் தேய்த்துத் தங்கள் உதட்டைத் தொடச் சொன்னார். தடுப்பூசியைத் தொடையில் குத்தினால் சீழ் கோத்துக் கறி கெடும், கழுத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து மாட்டின் கழுத்துத் தோலைத் தூக்க வைத்தார். ஊருக்குள் நுழையுமுன் தண்ணீர் காட்டுவது, முன்தோள் பக்கமாக நின்று நடத்துவது, எல்லாம் செய்து பார்க்க வேண்டும். பட்டியிலிருந்து வகுப்பு நடக்கும் முற்றத்துக்கு மாடுகள் அடிபடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வர, இரு பக்கமும் மூங்கில் கட்டிய ஒரு சந்துப் பாதையை அவரே நின்று கட்டுவித்திருந்தார். சிம்பு எதுவும் குத்தக்கூடாது என்று சந்தின் நீளம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்திருந்தார். அதன் வளைவில் ஒரு கதவு. அவர் தடவிப் பார்த்து முடித்தபின், வகுப்புக்கு முந்தின நாள்தான் கொல்லன் வந்து அதற்குத் தாழ்ப்பாள் வைத்தான்.

வகுப்பில் முதல் மாணவன் சின்னையன். முசிறிக்குப் பக்கத்து ஆள். காவிரியின் வடகரையோடு குணசீலம், நொச்சியம் வழியாக மாடுகளை நடத்திக்கொண்டு வருவான். கிழட்டு எருதுகள் என்பதால் மெள்ளத்தான் வரும், நாலு நாள் ஆகும். அவன் மாட்டின் காதருகே போய் ஏதோ சொல்வான், மாடு நடக்கும். பாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவன் கையப் பாத்துக்கங்க. என் கையப் பாக்காதீங்க."

புதன்கிழமை முடிவில் ஒரு புது விதி அறிவித்தார்கள். ஓட்டி வந்த மாட்டில் பெரிய அடி இருந்தால், ஓட்டுகிறவரின் பித்தளை பேட்ஜ் பறிக்கப்படும். பேட்ஜ் இல்லாமல் தொட்டி வாசலில் நுழைய முடியாது. அதாவது, பிழைப்பு இல்லை. விதியைக் கேட்டு எழுதி வாங்கியவர் பாய்தான்.

மறுநாள், வியாழன் விடியற்காலை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பதினாலாம் வில்லை. இடது இடுப்பு. பெரிய அடி. மூணு நாள்."

கட்டத்தைப் பார்த்தேன். ஓட்டி வந்தவர்: சின்னையன். எழுதினேன்.

மாடு வந்த மறுநாளே அறுபட்டுவிடும் என்பது தொட்டியின் வழக்கம். அந்தக் கணக்குப்படி புதன் சாயங்காலம் வந்த மாடு அது. மூன்று நாளுக்கு முன்னால் திங்கட்கிழமை குணசீலத்துச் சாலையில் இருந்திருக்க வேண்டும். சின்னையனோ மூன்று நாளும் வகுப்பில் இருந்தான். "தான் இங்க உக்காந்துக்கிட்டு வேற ஆள அனுப்பி ஓட்டச் சொல்லியிருக்கான். இல்லாட்டி என்ன?" என்றார் பாய். அவருடைய கோபத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பிடித்தமானவன் மேல் வருகிற கோபம் அது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னையன் அடுத்த மந்தையோடு வந்தான். வாசலில், என் மேசைக்கு முன்னால்தான் விசாரணை.

"எந்த மாடுங்க பாய்?"

"பதினாலாம் வில்லை."

"வில்லைய நானா கட்டுனேன்? வகுப்புக்கு வந்தப்ப ஓட்டியாந்தது அஞ்சு. அப்புறம் என் தம்பி ஓட்டியாந்தது மூணு. மாட்டச் சொல்லுங்க. செவலையா, வெள்ளையா? கொம்பு எப்படி?"

"உரிச்சப்புறம் செவலை ஏது, வெள்ளை ஏது?"

"அப்ப நான் எதுக்குங்க பதில் சொல்றது?"

"குணசீலம் தாண்டுறப்ப விழுந்திருக்கு. மூணு நாள். என் கண்ணு பொய் சொல்லாது."

"உங்க கண்ணு பொய் சொல்லாது பாய். எங்க கையி அடிக்கலைங்க. சமயபுரத்தா மேல சத்தியம்."

பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் வாசலில் சாத்திவிட்டு நுழைகிற குச்சிகளுக்கிடையே தன் குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். நான் அதையும் எழுதினேன்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு ஸ்ரீரங்கத்துத் தெருக்கள் அடைபட்டுக் கிடக்கும் நாட்களில், லீவு போட்டுவிட்டு அந்த வருஷத்து டயரியை முதலிலிருந்து படித்து முடிப்பது என் வழக்கம். ஆவணிப் பக்கங்களுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை: 'சின்னையன் ஐந்து மாடு கொண்டுவந்தான். ஒன்று அகன்ற இடுப்பு, வலது கொம்பு பாதியில் முறிந்தது, நெற்றியில் சுழி. வகுப்புக்கென்று நிறுத்திக்கொண்டார்கள்.' திங்கள்: 'கொம்பு முறிந்தது சந்தில் வளையும்போது தயங்கிற்று. பின்னாலிருந்த மாடு தள்ளிற்று.' வியாழன்: 'கொம்பு முறிந்தது இன்று போயிற்று. அதன் கழுத்தில் வில்லை பதினாலு.'

அதை எழுதியவன் நான்தான். அன்று பட்டியிலிருந்து அது என்னைக் கடந்து போனதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அதே காலையில், முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்டு, அதே பதினாலுக்கு எதிரே குற்றத்தையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் நான்கு மாதம் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த மாடு புதன்கிழமை வந்ததே இல்லை. அடி விழுந்த திங்கட்கிழமை அது குணசீலத்தில் இல்லை, எங்கள் தொட்டியில்தான் இருந்தது.

லீவை முறித்துக்கொண்டு மறுநாளே டயரியோடு போனேன். பாய் நின்றபடியே கேட்டார். நான் மூன்று பக்கத்தையும் படித்து முடித்தபின், சம்பந்தமில்லாததுபோல ஒன்று கேட்டார்.

"கொம்பு முறிஞ்சிருந்துச்சா சார்?"

"ஆமாம். வலது கொம்பு."

"மூணு நாள் அது கழுத்தத் தடவிக்கிட்டு நின்னேன்."

இருவரும் சந்துக்குப் போனோம். வகுப்புக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வளைவில், இடது பக்கம், தாழ்ப்பாளின் இரும்புக் கொண்டி ஒரு விரல் நீளத்துக்கு உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. நுனியில் வெள்ளை மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது. வகுப்புக்கு நிறுத்திய மற்ற மாடுகள் உடல் சிறுத்தவை; இடிக்காமல் போயிருக்கின்றன.

பாய் சந்துக்குள் இறங்கி நடந்தார். வளைவில் கொண்டி அவர் விலாவில் உரசியது. திரும்பி வந்தார்.

"இது பத்தாது. மாட்ட மாடு தள்ளும். நீங்க பின்னால வாங்க. தள்ளுங்க."

"என்ன பாய் இது?"

"தள்ளுங்க சார்."

தள்ளினேன். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு மூங்கிலில் சாய்ந்து நின்றார். அன்றும் திங்கட்கிழமை.

"உடனே முசிறிக்குப் போகலாமா?" என்றேன்.

"இன்னிக்குப் போனா சிவப்பாத்தான் இருக்கும். மூணு நாள் ஆகட்டும்."

இடையில் சுகாதார அதிகாரியைப் பார்த்தோம். அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. "கொண்டியை அறுத்துப் போடச் சொல்லுங்க. பேட்ஜைக் கொடுத்துடுங்க. எழுத்துல எதுவும் வேண்டாம் பாய். எழுதினா அடுத்த வருஷம் வகுப்பு உங்ககிட்ட வராது."

"அவன் மேல எழுதித்தானே பேட்ஜ வாங்குனோம் சார்?" என்றார் பாய்.

வியாழக்கிழமை முசிறி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் இடது பக்கத்தைச் சீட்டில் படாமல் தூக்கி உட்கார்ந்திருந்தார். சின்னையன் வாழை மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை.

"என்ன பாய், வாழைத்தாருக்கும் முத்திரை குத்த வந்துட்டீங்களா? நல்லாப் பாத்துக்கங்க. எதுலயும் அடி இல்ல."

மற்ற ஆட்கள் சிரித்தார்கள். பாய் சட்டையை விலாவுக்கு மேலே தூக்கினார். சிரிப்பு நின்றது.

"சொல்லு" என்றார்.

சின்னையன் தோளிலிருந்த தாரை இறக்கி வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு விரலால் ஓரத்திலிருந்து அழுத்திப் பார்த்தான்.

"மூணு நாள்."

"எதால?"

"குச்சியில்ல. குச்சி நீளமா விழும். இது வட்டமா இருக்கு. இரும்பு." நிமிர்ந்தான். "அன்னிக்கு அது இடுப்புல நீளமா இருந்துச்சா, வட்டமா இருந்துச்சா பாய்?"

"நான் நிறத்தத்தான் பாத்தேன்."

நாங்கள் சந்துப் பாதையையும் கொண்டியையும் சொன்னோம். முறிந்த கொம்பைச் சொன்னோம். சின்னையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பாயின் விலாவை இன்னொரு முறை பார்த்தான்.

"ஆமா, உங்கள யாருங்க பாய் ஓட்டியாந்தது?"

மண்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை.

"நான்தான்பா. அந்த மாட்டையும் நான்தான் ஓட்டுனேன்."

பேட்ஜை நீட்டினார். சின்னையன் உடனே வாங்கவில்லை. "அது நெத்திச் சுழி மாடு. வழியில என் கையில வெல்லம் திங்கும்" என்றான். "இனிமே வில்லை கட்டுறப்ப என்னையும் நிக்க வைங்க. நான் மூஞ்சி அடையாளம் சொல்றேன். சார் எழுதிக்கட்டும். நீங்களும் பாத்துக்கங்க." பாய் தலையசைத்த பிறகுதான் பேட்ஜை வாங்கினான்.

தை மாதத்திலிருந்து பதிவேட்டில் 'அடையாளம்' என்று ஒரு புதுக் கட்டம் வந்தது. சாயங்காலம் வில்லை கட்டும்போது பாய் பட்டிக்கு வந்து ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் நிற்பார். முதல் நாள் இரண்டு மாடு பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தார். அதிகாரி சொன்னபடியே அடுத்த வருஷ வகுப்பை வேறொருவர் நடத்தினார். பாய் அதில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், சின்னையனுக்குப் பக்கத்தில்.

முசிறியிலிருந்து திரும்பிய அன்றே பதிவேட்டை எடுக்கச் சொன்னார். ஆவணி மாதத்து வியாழக்கிழமைப் பக்கம். பதினாலாம் வில்லை. சர்க்கார் பதிவேட்டில் அழிக்கக்கூடாது. ஒரு கோடு கிழித்து மேலே எழுத வேண்டும். 'ஓட்டி வந்தவர்' கட்டத்தில் சின்னையனின் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதற்கு மேலே தன் பெயரை எழுதச் சொன்னார்.

அத்தனை காலம் பழகியும் அவர் பெயரை நான் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தகப்பனார் பெயரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக, கன்றிய விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் விரும்பி எழுதச் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான். அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும், இங்கே வேண்டாம்.